பிரேக் இல்லாத படகு

மார்ச் 3

வீட்டை மறந்துபோன மகாராணிக்கு,

நான்கு நாள் என்று சொல்லித்தான் கிளம்பினோம். நான்கு நாளுக்கு வேண்டிய துணிதான் பையில் இருந்தது. நான்காம் நாள் நான் பஸ் ஏறினேன். நீ மட்டும் "ரெண்டு நாள்ல வந்துடறேன்" என்று கரையில் நின்று கையசைத்தாய். இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. இரண்டுக்கும் ஒன்பதுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளா நீ? துணி ஆலையில் இருபத்திரண்டு வருஷம் செக்கிங் மேசையில் நின்று, ஓடுகிற துணியில் விட்டுப்போன ஒற்றை இழையைக் கண்டுபிடித்தவள்!

போன் பேசலாம் என்றால் உன் போனும் என் போனும் ஆற்றடியில் மீன்களுக்கு மணி சொல்லிக்கொண்டிருக்கின்றன. படகுத்துறை நம்பருக்கு ஐந்து முறை கூப்பிட்டேன். ஐந்து முறையும் அந்தப் படகுக்காரம்மா, "அம்மா ஆத்துல இருக்காங்க சார்" என்கிறாள். எப்போது பார்த்தாலும் ஆற்றிலேயே இருப்பதற்கு நீ என்ன மீனா? ஆறாவது முறை கூப்பிட்டதற்கு, "கடிதாசி எழுதச் சொன்னாங்க சார்" என்று பதில். முப்பது வருஷம் கூடவே குடித்தனம் செய்தவளுக்கு நான் தபால்தலை ஒட்டி எழுத வேண்டியிருக்கிறது. என் தலையெழுத்து.

இங்கே நடப்பதையும் கேட்டுக்கொள். நேற்று பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. இஸ்திரிப் பெட்டியை எங்கே வைத்தாய் என்று தெரியாமல் கசங்கிய சட்டையோடு வகுப்புக்குப் போனேன். மாடி வீட்டுக்காரர் தினமும் படிக்கட்டில் மறித்து, "வீட்ல இன்னும் வரலையா மாஸ்டர்?" என்று துக்கம் விசாரிக்கிறார். ஓட்டுநர் பள்ளிக் கார் இரண்டில் ஒன்று கிளட்ச் போய் நிற்கிறது. மற்றொன்றில், வளைவு வந்தால் கண்ணை மூடிக்கொள்கிற ஒரு பெண் கற்றுக்கொள்கிறாள். என் பக்கத்து பிரேக்கிலிருந்து நான் காலை எடுப்பதே இல்லை.

மகளும் மாப்பிள்ளையும் ஆசைப்பட்டு, நம் கல்யாண நாளுக்கும் நீ வேலையிலிருந்து நின்றதற்கும் சேர்த்து அந்தப் பயணத்தைப் பரிசாகக் கொடுத்தார்கள். துடுப்புப் போடலாம், பறவை பார்க்கலாம், நீர்நாய் பார்க்கலாம் என்றார்கள். எல்லாம் பார்த்தாயிற்று. மூன்றாம் நாள் படகு கவிழ்ந்தது உண்மைதான். அதற்காக? இரண்டு பேரும் முழுசாகக் கரை சேர்ந்தோமா இல்லையா? கவிழ்ந்த இடத்திலேயே போய் யாராவது குடியிருப்பார்களா?

சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் பழக்கூடையோடு விசாரிக்க வந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். "உங்க சம்சாரம் எங்கே?" என்று கேட்டபோதுதான் என் மானம் போயிற்று. ஓய்வெடுக்கிறாள் என்று சொல்லி வைத்தேன். கடிதம் கண்டதும் கிளம்பு.

வீட்டில் இருப்பவன்


மார்ச் 8

டிரைவிங் மாஸ்டர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்துக்கு ஒரு நாள் முன்னால் மகளின் கடிதம் வந்தது. அதிலிருந்து ஒரு வரி எடுத்து எழுதுகிறேன், படியுங்கள். "அம்மா, அப்பா உன்னைத் தண்ணிக்குள்ளேர்ந்து தூக்கி, தோள்ல போட்டுக்கிட்டு நீந்தியே கரைக்கு வந்தாராமே! மாமனார் வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டிருக்கார். எனக்கு அழுகையே வந்துடுச்சும்மா."

கவிழ்த்துப்போட்ட படகின் மேல் உட்கார்ந்து அதைப் படித்தேன். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அதே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீச்சல் குளத்தில் ஏணிக் கம்பியைவிட்டுக் கையெடுக்காத மனுஷன் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு நீந்தினாராம். யார் காதில் பூ சுற்றுகிறீர்கள்?

நடந்ததை எழுதுகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். படகுக்காரம்மா தன் படகில் மற்றவர்களோடு வளைவைத் தாண்டி முன்னே போய்விட்டார். நம் படகில் முன்னால் நான், பின்னால் நீங்கள். பின்னால் இருப்பவர்தான் படகைத் திருப்ப வேண்டும் என்று அவர் சொன்னதும், "அப்ப அது நம்ம சீட்டு" என்று போய் உட்கார்ந்தீர்கள். லைஃப் ஜாக்கெட் வயிற்றைப் பிடிக்கிறது என்று அரை மணி நேரத்தில் கொக்கிகளை எல்லாம் அவிழ்த்துவிட்டீர்கள். சீட் பெல்ட் போடாதவனை நடுத்தெருவில் இறக்கிவிடுகிற மாஸ்டர்!

வளைவில் தண்ணீர் வேகம் பிடித்தது. எதிரே பாறை. "இடது பக்கம் துடுப்பு போடுங்க" என்று கத்தினேன். பின்னால் தடதடவென்று சத்தம். திரும்பிப் பார்த்தால், நீங்கள் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டு காலாலும், படகு அதிரும்படி. அது நிற்கவில்லை என்றதும், தடுமாறுகிற மாணவனிடமிருந்து ஸ்டியரிங்கைப் பிடுங்கப் பாய்வீர்களே, அதே மாதிரி துடுப்பைப் போட்டுவிட்டுப் பக்கவாட்டில் பாய்ந்தீர்கள். அங்கே ஸ்டியரிங் இல்லை, ஆறுதான் இருந்தது. படகு புரண்டது. உங்கள் ஜாக்கெட் உங்களை விட்டுத் தனியாக மிதந்து போயிற்று.

உங்கள் சட்டைக் காலரைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தது யார்? மணலில் குப்புறப் போட்டு முதுகில் தட்டித் தண்ணீரை வெளியேற்றியது யார்? என் ஜாக்கெட்டின் நான்கு கொக்கியும் மாட்டியிருந்ததால் நடந்தது அது, வீரம் ஒன்றும் இல்லை. ஆனால் இழுத்தது நான்.

நான் ஏன் வரவில்லை என்று கேட்கிறீர்கள். இரண்டாம் நாள் காலையில் கரைச் சரிவில் ஒரு பொந்தைக் காட்டி, உள்ளே மீன்கொத்தி உட்கார்ந்திருக்கிறது என்றேன். "அது இலை" என்றீர்கள். கூட வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். படகுக்காரம்மா மட்டும் பைனாகுலரை வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?" என்றார். ஓடுகிற துணியில் எது சரியில்லை என்று பார்த்துப் பழகிய கண் இது. ஆலையில் கேமரா வைத்த மெஷின் வந்ததும் இனி இந்தக் கண் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். இங்கே வேண்டும் என்கிறார்கள். பறவைகள் கூடு கட்டும் பருவம் முடியும்வரை தினமும் காலையில் துடுப்புப் போட்டுப் போய், எந்தக் கூட்டில் முட்டை, எதில் குஞ்சு, நீர்நாய் எந்தத் திட்டில் ஏறியது என்று பார்த்து எழுதுகிறோம். நான் பார்ப்பதை யாரும் இலை என்று சொல்வதில்லை.

போனில் பேச மாட்டேன். நீங்கள் பேசுவீர்கள், நான் சரி சரி என்பேன், முடிந்துவிடும். தாளில் நீங்கள் குறுக்கே பேச முடியாது.

மகளுக்கும் சம்பந்திக்கும் உண்மையைச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு ஊர் திரும்புவது பற்றி யோசிக்கிறேன். இஸ்திரிப் பெட்டி பீரோவின் மேல் இருக்கிறது.

காலரைப் பிடித்து இழுத்தவள்


மார்ச் 12

மேற்படியாளுக்கு,

ஒரு பேச்சுக்குச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நீ வக்கீல் நோட்டீஸ் மாதிரி எழுதியிருக்கிறாய். படகு அதிரும்படி மிதித்தேனாம். இருபத்தெட்டு வருஷமாக மிதிக்கிற கால் அது. என் கால் பிரேக்கில் இருந்ததால்தான் நாலாயிரம் பேர் உயிரோடு வண்டி ஓட்டுகிறார்கள். அந்தக் காலைக் கேலி செய்யாதே.

சம்பந்தி வீட்டில் எனக்கு என்ன மரியாதை என்பது உனக்குத் தெரியாததா? பெரிய ஆபீசில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணமாகி நான்கு வருஷத்தில் என்னை ஒரு தடவையாவது மாஸ்டர் என்று கூப்பிட்டிருக்கிறாரா? "நம்ம டிரைவர்" என்றுதான் பிறருக்கு அறிமுகம் செய்வார். அன்று வந்து உட்கார்ந்தவர், "என்னதான் ஆச்சு, சொல்லுங்க" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். முதல் தடவையாக முகத்தைப் பார்த்துக் கேட்டார். நான் "ரெண்டு பேரும் தண்ணிக்குள்ள போயிட்டோம், அவ தவிச்சா, நான்..." என்று ஆரம்பித்தேன். மீதியை அவரே முடித்தார். "தூக்கிட்டு வந்துட்டீங்களா!" என்றார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அப்புறம் தோள், நீச்சல் எல்லாம் தானாக வந்து சேர்ந்துகொண்டன. நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

பதில் எழுதாதே, தெரியும். நீ அரிச்சந்திரனுக்கு அக்கா.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்தேன் என்று குதிக்காதே. சம்பந்தி சொன்னதன் பேரில் ஆற்றுத் துறை அலுவலகத்துக்கு ஒரு மனு போட்டிருக்கிறேன். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, லைஃப் ஜாக்கெட்டின் கொக்கி உடைந்திருந்தது என்று. வாசகம் அவருடையது, கையெழுத்து என்னுடையது. அந்தப் படகுக்காரம்மாவுக்குக் கொஞ்சம் உறைக்கட்டும். அடுத்த வீட்டுப் பெண்டாட்டியைப் பிடித்து வைத்துக்கொண்டு பறவை எண்ண வைக்கிறாளே, கடை சாத்தினால் தன்னால் உன்னை பஸ் ஏற்றிவிடுவாள்.

மற்றபடி நான் நலம். நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

மாஸ்டர்


மார்ச் 16

நீங்கள் போட்ட மனு வந்து சேர்ந்துவிட்டது. வாழ்த்துகள்.

நேற்றுக் காலையில் இரண்டு அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். பதினோரு படகையும் கொட்டகைக்குள் வரிசையாகக் கவிழ்த்து வைத்து, குறுக்கே சங்கிலி ஓட்டிப் பூட்டி, அரக்கு வைத்துவிட்டுப் போனார்கள். விசாரணை முப்பதாம் தேதி. அதுவரை ஒரு படகும் தண்ணீரில் இறங்கக்கூடாது. குற்றம் என்று முடிவானால் படகுத்துறை அனுமதியே போய்விடும். ஜீப் போன பிறகு படகுக்காரம்மா கொட்டகை வாசலில் உட்கார்ந்து, "பதினாறு வருஷம்மா. ஒருத்தருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்ல" என்றார். மனு போட்டது யார் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் எனக்குச் சாப்பாடு எடுத்து வைத்துவிட்டுத்தான் அவர் சாப்பிட்டார். அந்தத் தட்டைப் பார்க்க எனக்கு வெட்கமாகப் போயிற்று. உங்களுக்குக் கொஞ்சமாவது கூச்சம் இருந்தால் அதில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

உடைந்த கொக்கியா? உங்கள் ஜாக்கெட் நீங்கள் போன மறுநாளே கீழ்ப்பக்கம் ஒரு மரத்து வேரில் சிக்கிக் கிடைத்தது. இப்போது என் மடியில்தான் இருக்கிறது. கொக்கியைப் பத்து தடவை போட்டு, பத்து தடவை கழற்றிப் பார்த்தேன். மெஷின் தைத்த பித்தான் மாதிரி நிற்கிறது. பழுதில்லாத சரக்குக்குப் பழுது முத்திரை குத்துகிறவனை எங்கள் செக்கிங் பிரிவில் என்ன செய்வார்கள் தெரியுமா? அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள். பழுதான துணியை விடப் பொய்க் கை ஆபத்து என்பார் எங்கள் மேற்பார்வையாளர்.

கோபம் எழுத எழுத ஏறுகிறது. ஒரு பெண்பிள்ளையின் பிழைப்பில் கல்லைத் தூக்கிப் போட்டது எதற்கு? உங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு எடுத்து வைக்க ஆள் இல்லை என்பதற்கு. நேராக "நீ இல்லாமல் முடியவில்லை, வா" என்று ஒரு வரி எழுதத் தெரியவில்லை. மனு எழுதத் தெரிகிறது.

நாரைக் கூடுகள் பதினெட்டு. போன வாரம்தான் குஞ்சுகள் தலை தூக்க ஆரம்பித்தன. படகு இல்லாமல் அந்தத் திட்டுக்குப் போக வழியில்லை. கரையில் நின்று பைனாகுலரை வைத்துப் பார்த்தால் மரத்தின் முதுகுதான் தெரிகிறது.

அதிகாரி என்னையும் கேட்டார். "நீங்கதான் அந்தப் படகுல இருந்தவங்களா? சொல்றீங்களா?" என்றார். படகுக்காரம்மா வளைவுக்கு அந்தப் பக்கம் இருந்தார், ஒன்றும் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் நாம் இருவர்தான். விசாரணையன்று சொல்கிறேன் என்றேன். நான் வாயைத் திறக்க ஒரு நிமிஷம் ஆகாது. திறக்காமல் இருப்பது, நீங்களே உங்கள் கையால் எழுதித் திரும்பப் பெற வேண்டும் என்பதற்காக. வாசகமும் உங்களுடையதாக இருக்கட்டும்.


மார்ச் 19

யாரோ ஒரு படகுக்காரிக்காகக் கட்டின புருஷனை விட்டுக்கொடுப்பாயா? கொடு. சபையில் நின்று, என் புருஷன் பொய்யன், நீந்தத் தெரியாதவன், படகில் பிரேக் தேடினவன் என்று சொல். நாலு பேர் சிரிக்கட்டும்.

மனுவைத் திரும்ப வாங்கினால் சம்பந்தி முகத்தில் எப்படி விழிப்பேன்? எழுதிக் கொடுத்தவரே அவர். நம் பெண் வாழ்கிற வீடு அது, ஞாபகம் இருக்கிறதா? அவளுக்கு அங்கே தலைகுனிவு வந்தால் உனக்குச் சம்மதமா? கோபத்தில் எல்லாவற்றையும் மறந்துவிட்டாய்.

என் தரப்பை ஒரு தடவையாவது யோசித்தாயா? நான் எதையும் வேண்டுமென்று மாற்றிச் சொல்லவில்லை. தண்ணீருக்குள் போனது தெரியும், மணலில் கிடந்தது தெரியும். நடுவில் என்ன நடந்தது என்று சத்தியமாக எனக்கு நினைவில்லை. நினைவில்லாத ஒன்றைப் பற்றி நான் எதை எழுதிக் கொடுப்பது?

இனி எழுத மாட்டேன்.


மார்ச் 22

நினைவில்லையா? சரி. நான் நினைவுபடுத்துகிறேன்.

இதை எழுத வேண்டி வரக்கூடாது என்றுதான் இத்தனை நாள் காலர், ஜாக்கெட் என்று சுற்றி வந்தேன். நீங்களாக ஒரு நாள் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். பஸ் ஏறும்போது சொல்வீர்கள் என்று பார்த்தேன். "வீட்டுச் சாவி உன்கிட்டயா என்கிட்டயா?" என்று கேட்டீர்கள். அப்போதுதான் நான் வரவில்லை என்று முடிவு செய்தேன். பறவை அப்புறம் வந்த காரணம்.

படகு புரண்டதும் நான் மேலே வந்துவிட்டேன். ஜாக்கெட் தூக்கிவிட்டது. உங்களைத் தேடினேன். கைக்கெட்டும் தூரத்தில் நீங்கள் முழுகி எழுந்துகொண்டிருந்தீர்கள். நான்தான் உங்களை நோக்கி வந்தேன், கையை நீட்டினேன். நீங்கள் கையைப் பிடிக்கவில்லை. என் தலையைப் பிடித்தீர்கள். இரண்டு கையாலும் என் தலையை அமுக்கி, தோளில் முழங்காலை ஊன்றி, என் மேல் ஏறினீர்கள். நான் உள்ளே போனேன். தண்ணீருக்குள் பச்சை வெளிச்சமாக இருந்தது. உங்கள் செருப்பின் அடிப்பக்கம் தெரிந்தது, போன மாதம் நான் ஒட்டிக் கொண்டுவந்த அடி. எப்படியோ திமிறி மேலே வந்து ஒரு மூச்சு இழுத்தேன். மறுபடி அமுக்கினீர்கள்.

இரண்டாம் தடவை உள்ளே இருந்தபோது, முப்பது வருஷம் இவருக்குச் சமைத்தேனே என்று நினைத்தேன். பெரிதாக எதுவும் தோன்றவில்லை. அதுதான் தோன்றியது. வயிற்றெரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலில்தான் உங்களை உதறி, பின்பக்கமாகப் போய்க் காலரைப் பிடித்தேன்.

கழுத்தில் கன்றிப்போனதைப் பார்த்துப் படகுக்காரம்மா கேட்டார். பாறையில் இடித்தது என்றேன். பார்த்தீர்களா, உங்களுக்காக நானும் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன்.

முப்பதாம் தேதி காலை பத்து மணிக்கு விசாரணை. அதற்குள் உங்கள் எழுத்து அங்கே வந்திருந்தால், "அவர் எழுதியது உண்மை" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். வராவிட்டால் மேலே எழுதியதை எல்லாம் நானே வாயால் சொல்வேன். அழாமல் சொல்வேன்.


மார்ச் 26

நினைவிருக்கிறது.

முதலிலேயே இருந்தது. மணலில் கண் திறந்தபோதே இருந்தது. நீ குனிந்து என் முகத்தைத் துடைத்தாய், உன் மூக்கிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் படகுக்காரம்மா ஓடி வந்துவிட்டாள், நீ ஒன்றும் பேசவில்லை, சரி, உனக்குத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். உனக்குத் தெரியாமல் இருந்தால் நடக்காத மாதிரிதானே என்று ஒரு கணக்கு. பஸ்ஸில் வழி நெடுக அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே வந்தேன். சம்பந்தி வந்து "தூக்கிட்டு வந்துட்டீங்களா" என்றபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? நடந்ததற்கு மேலே போட்டு மூட ஒரு போர்வை கிடைத்த மாதிரி இருந்தது. பெருமைக்குச் சொன்னேன் என்று உனக்கு எழுதினேனே, அதுவும் பொய். பயத்தில் சொன்னேன்.

உன் கடிதம் நேற்று முன்தினம் வந்தது. படித்துவிட்டு வகுப்புக்குப் போனேன். அந்தக் கண்ணை மூடுகிற பெண். நேர்ச் சாலை, எதிரே ஒருவரும் இல்லை, நான் பிரேக்கை மிதித்தேன். "என்ன சார், நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று பயந்து கேட்டாள். ஒன்றுமில்லை என்று இறங்கி நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். பாவம், அவளே வண்டியை ஓரம் கட்டினாள். நன்றாகவே கட்டினாள்.

அங்கிருந்து நேராகச் சம்பந்தி வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை டீவி பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரையும் கூப்பிடுங்கள் என்றேன். நின்றுகொண்டே சொன்னேன். பிரேக், ஜாக்கெட், நீ என்னை இழுத்து வந்தது எல்லாம் சொன்னேன். பிறகு மற்றதையும் சொன்னேன். மாப்பிள்ளை டீவியை அணைத்தார். சம்பந்தி முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, "அதெல்லாம் உங்க வீட்டு விஷயம். எதுக்கு இப்ப வெளியில சொல்றீங்க? மனு பாட்டுக்கு இருக்கட்டும், அதுல என் வாசகம் இருக்கு" என்றார். "அதனாலதான் எடுக்கணும்" என்றேன். இனி அவர் என்னை டிரைவர் என்று கூடக் கூப்பிட மாட்டார்.

நம் பெண் ஒன்றுதான் கேட்டாள்.

"எத்தனை தடவைப்பா?"

"ரெண்டு தடவைம்மா."

"எண்ணியிருக்கீங்க."

அதோடு உள்ளே போய்விட்டாள். காத்திருந்தேன். காபி ஆறிப்போயிற்று, அவள் வெளியே வரவில்லை. சம்பந்தியம்மா வந்து "அப்புறம் வாங்க" என்றார். அந்தம்மா ஒருவர்தான் வாசல் வரைக்கும் வந்தார்.

இன்று காலை ஆற்றுத் துறை அலுவலகத்துக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் ஆறு பேர். எழுதிக் கொண்டுபோன தாளைக் கொடுத்தேன். அந்தக் குமாஸ்தா அதை மனசுக்குள் படிக்கத் தெரியாத ஆள். "படகில் பிழை இல்லை, கொக்கியில் பிழை இல்லை, ஜாக்கெட்டை அவிழ்த்தது நான், படகைக் கவிழ்த்தது நான், என்னைக் காப்பாற்றியது என் மனைவி, என் மனுவில் எழுதியது பொய்" என்று ஆபீஸ் முழுவதும் கேட்கும்படி வாசித்தார். பின்னால் நின்ற ஒருவன் என்னிடம் கார் ஓட்டக் கற்றவன். "மாஸ்டர், நீங்களா?" என்றான். நான்தான் என்றேன். நகல் இதோடு இருக்கிறது, முத்திரை குத்தியிருக்கிறார்கள், பார்த்துக்கொள்.

நீ சொன்னதை எல்லாம் செய்துவிட்டேன். இப்போது திருப்தியா? மகள் பேசவில்லை, சம்பந்தி போய்விட்டார், ஊர் சிரிக்கிறது. எனக்கு உன் மேல் கோபமாகத்தான் இருக்கிறது. ஒரு மாசம் மனசுக்குள் வைத்துக்கொண்டு இலையையும் பறவையையும் பற்றி எழுதினாயே, அன்றைக்கே மணலில் வைத்து என்னைப் பளாரென்று ஓர் அறை விட்டிருக்கக் கூடாதா? அறைந்திருந்தால் நான் அழுதிருப்பேன். அழுதிருந்தால் சொல்லியிருப்பேன்.

வா என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை. அதனால் எழுதவில்லை.


மார்ச் 31

உங்களுக்கு,

விசாரணை பத்து நிமிஷத்தில் முடிந்தது. "அவர் எழுதியது உண்மை" என்றேன். அதிகாரி உங்கள் தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, "இப்படி எழுதிக் குடுத்தவரை நான் பார்த்ததில்லம்மா" என்றார். பெருமைப்பட வேண்டாம். இப்படிப் பொய் மனு போட்டவரையும் அவர் அதிகம் பார்த்திருக்க மாட்டார்.

அரக்கை உடைத்துச் சங்கிலியை எடுத்ததும் படகில் நாரைத் திட்டுக்குப் போனோம். பதினெட்டுக் கூட்டில் மூன்று காலி. காற்றா, பாம்பா, பருந்தா, தெரியாது. பதினைந்து நாள் பார்க்க ஆள் இல்லை, இனி யாராலும் சொல்ல முடியாது. அந்த இடத்தில் தாளில் வெறும் கோடு இழுத்திருக்கிறேன். அது உங்கள் கோடு. கோபம் வரும்போதெல்லாம் எடுத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

என்னை நீங்கள் அமுக்கியதை நேற்று படகுக்காரம்மாவிடம் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. "தண்ணிக்குப் பயந்த யாரும் அப்படித்தாம்மா. பெத்த பிள்ளை மேலயே ஏறுவாங்க. அதனாலதான் பின்பக்கமா போய்ப் பிடிக்கணும்னு சொல்லித் தர்றோம். நீங்க சொல்லித் தராமலே பிடிச்சிருக்கீங்க" என்றார். அதைக் கேட்பதற்கு முன்பே எனக்கு அந்தக் கோபம் இல்லை. அது ஆற்றிலேயே போய்விட்டது, போயிருக்காவிட்டால் காலரை விட்டிருப்பேன். நான் கோபப்பட்டது அதற்குப் பிறகு வந்த முப்பத்து மூன்று நாளுக்கு. அது இன்னும் இருக்கிறது. ஒரு தாளில் நீங்கள் எழுதிவிட்டதால் தீர்ந்துவிடாது. அறைந்திருக்க வேண்டும் என்கிறீர்கள், அந்த யோசனை நல்ல யோசனை. கை அரிக்கத்தான் செய்கிறது.

மகளுக்கு எழுதிவிட்டேன். அவள் பேசுவாள், உடனே அல்ல. நீங்கள் போய்க் கதவைத் தட்டி அவசரப்படுத்தாதீர்கள்.

பருவம் முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. முடித்துவிட்டுத்தான் நான் எதையும் சொல்வேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் படகுத்துறைக்கு அருகே, இடுப்பளவு தண்ணீரில், படகுக்காரம்மா நீச்சல் வகுப்பு நடத்துகிறார். ஏழு வயது, எட்டு வயதுப் பிள்ளைகள் ஒன்பது பேர். போன மாதத்திலிருந்து நானும் அவர்களோடு நிற்கிறேன். இப்போது ஆற்றின் குறுக்கே பாதி தூரம் போய்த் திரும்புகிறேன். பத்தாவது ஆளாக உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன். வருகிற ஞாயிறன்று, முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்குங்கள். மாஸ்டர் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டாம். அந்தப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், நீங்களும் எத்தனையோ பேர் வியர்த்து நடுங்குவதைப் பார்த்தவர்தானே.

நான் கரையில் நிற்பேன். கை கொடுக்க மாட்டேன், சொல்லிவிட்டேன். வாயில் தண்ணீர் போய் இருமினாலும் அசைய மாட்டேன். நிஜமாகவே மூழ்கினால் குதிப்பேன். அது உங்களுக்கே தெரியும்.